ஓலை வாசிக்கும் வரை: மனத்தைத் தொடும் கிறிஸ்தவக் காதல் நாவலை எழுதும் முறை

புதுச்சேரி உப்பளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு, தாங்கள் எழுதிய கதைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. செவிலியர் பயிற்சியில் இருக்கும் பெண், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியை என்று பலரும் அவர்களில் அடக்கம். பெரும்பாலும் காதல் கதைகள்தாம். பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடி வழியே ஒளி விழுகிறது, நாயகி முழந்தாளிட்டுச் செபிக்கிறாள், தடைகள் நீங்குகின்றன, கடைசி அத்தியாயத்தில் திருமணம் நடக்கிறது. எழுத்தில் பிழை இல்லை, பக்தியிலும் குறை இல்லை. ஆயினும் படித்து முடித்தபின் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. இத்தனைக்கும் இவர்களே அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் நாவல்களைக் கைப்பேசியில் படித்துவிட்டு விடியும்வரை அழுததாகச் சொல்கிறவர்கள். அப்படிப்பட்ட நூலொன்றைத் தாங்களே எழுத உட்காரும்போது அந்த அழுகை எங்கே போய்விடுகிறது என்ற கேள்விதான் இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது.

நெடுநாள் யோசித்தபின் எனக்குத் தோன்றிய விடை இது. படிக்கும்போது எந்த இடத்தில் கண் கலங்கியது என்பதை அவர்கள் கவனித்துக் குறித்துக்கொள்வதில்லை. திருமணம்தான் தங்களை அழவைத்தது என்று எண்ணிக்கொண்டு திருமணத்தை எழுதுகிறார்கள். உண்மையில் அவர்களை அழவைத்தது அதற்குப் பல பக்கங்கள் முன்னால் வந்த ஓர் இடம்: தன் வாழ்வில் தான் மிகவும் வெட்கப்படும் பகுதியை ஒருவர் முழுவதும் தெரிந்துகொண்ட பின்னும் தன்னைவிட்டு விலகிப் போகவில்லை என்று நாயகியோ நாயகனோ உணரும் இடம். கத்தோலிக்கர் அதனை அருள் என்கிறோம், லுத்தரன் போன்ற சீர்திருத்த சபையார் கிருபை என்கிறார்கள். கடவுளைப் பற்றிச் சிறு வயது முதல் கேட்டுப் பழகிய அந்தச் செய்தி, எதிரில் நிற்கும் ஒரு மனிதரின் முகத்தில் தெரியும்போது வாசகருக்கு நெஞ்சு அடைக்கிறது. நாவல் முழுவதும் அந்த ஓர் இடத்தை நோக்கியே நகர வேண்டும்.

திருமண மறையுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் முப்புரிநூல் என்னும் உவமை பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. பிரசங்கி என்றும் சபை உரையாளர் என்றும் இரு பெயர்களில் நாம் வாசிக்கும் நூலின் 4ஆம் அதிகாரம் 12ஆம் வசனம். இவ்வகை நாவலின் கட்டமைப்புக்கு அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. இருவருக்கிடையே வளரும் அன்பு ஒரு புரி. அவர்களில் ஒருவருக்கேனும் கடவுளோடு இருக்கும் தீராத வழக்கு இரண்டாம் புரி. இருவரும் கதைக்குள் வரும்போதே சுமந்து வந்த பழைய காயம் மூன்றாம் புரி. இவற்றில் ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் இறுக வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: கோவில், செபம், வசனம் யாவற்றையும் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். அதன்பிறகும் கதை சேதமில்லாமல் நின்றால், நீங்கள் எழுதியிருப்பது கோவிலைப் பின்னணியாகக் கொண்ட வழக்கமான காதல் கதையே.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இது தனி வகையாகத் தழைத்தது, 1979இல் கனடா நாட்டு எழுத்தாளர் ஜேனட் ஓக் எழுதிய நாவலுக்குப் பிறகு. வழிப்பயணத்தில் கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி, மனைவியை இழந்து சிறு குழந்தையோடு நிற்கும் அந்நியன் ஒருவனை, வேறு போக்கிடம் இல்லாமல் மணக்கிறாள். அன்பு அதன்பின் மெல்ல வருகிறது. 1997இல் காதல் நாவல்களை வெளியிடும் ஹார்லெக்வின் நிறுவனம் இவ்வகைக் கதைகளுக்கெனத் தனி வரிசையே தொடங்கியது. நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுவதை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வீரமாமுனிவர், வளன் என்று தாம் பெயரிட்ட, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைக் காப்பியத் தலைவனாக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடியிருக்கிறார். தச்சர் ஒருவரின் இல்லறத்தைக் காப்பியமாக்கிய அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவில், நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேர் நம்மிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாமல் எழுத உட்காருங்கள்.

காயத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நாயகனின் நிறத்தையும் உயரத்தையும் முடிவு செய்வதற்கு முன்பு, அவன் எதற்காகக் கடவுளோடு பேசுவதை நிறுத்தினான் என்பதை முடிவு செய்யுங்கள். பொதுவான துயரம் உதவாது. "வாழ்க்கையில் பல இழப்புகளைச் சந்தித்தவன்" என்ற வரி யாரையும் அசைக்காது. நாள், இடம், செய்த தவறு மூன்றும் வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாக, நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கும் ஒரு கதைக்கருவையே பயன்படுத்துகிறேன்; வேண்டுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நாயகன் கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், லுத்தரன் சபைக் குடும்பத்தில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவனுக்குப் பதினொரு வயது. ஆராதனைக்குப் போகச் சொல்லி அனுப்பிய தந்தையை ஏமாற்றிவிட்டுத் தம்பியைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விளையாடக் கூட்டிப் போனான். அலை வந்தது. தம்பியின் உடல் கிடைக்கவில்லை. தந்தை அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்று முதல் அவனிடம் நேரடியாகப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். இப்போது அந்தத் தந்தைக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டியிருக்கிறது. அவரைப் பேருந்தில் அழைத்து வருகிறவன் அந்த மகன்தான். பெண்ணை ஆற்றுப் பாலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று வழி நெடுக இருவரும் ஒரே இருக்கையில் பேசாமல் வருகிறார்கள்.

நாயகி அந்த டயாலிசிஸ் பிரிவில் செவிலி, புதுச்சேரிக் கத்தோலிக்கப் பெண். அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன். கோவிலில் முதல் ஓலை, அதாவது மூன்று ஞாயிறு வாசிக்கப்படும் திருமண அறிவிப்பில் முதலாவது, வாசித்து முடித்த வாரத்தில், காரணம் எதுவும் சொல்லாமல் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். ஊரே கேட்ட அறிவிப்பு அது. இரண்டாம் ஞாயிறு அவள் பெயர் வாசிக்கப்படவில்லை என்பதையும் ஊரே கேட்டது. பிரான்சுக்கு மகளை அனுப்பும் ஆசை எத்தனை வீடுகளில் திருமணத்தின் மற்றக் கேள்விகளையெல்லாம் அமுக்கிவிடுகிறது என்பதைப் புதுச்சேரியில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய நம்பிக்கை உடையவில்லை. தவறாமல் பூசைக்குப் போகிறாள். ஆனால் தனக்கென்று எதையும் கேட்டுச் செபிப்பதை விட்டுவிட்டாள். இது நுட்பமான காயம். கோவிலுக்குப் போகாதவனுடைய காயத்தைவிட எழுதுவதற்குக் கடினமானது. வாசகர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள் என்பதால் கூடுதல் உழைப்பை இங்கேயே செலவிடுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் சாய்ந்த பண்ருட்டிப் பலாத் தோப்புகளைச் சுற்றி ஒரு கதை எழுதலாம். குடியினால் சிதைந்த வீட்டைப் பற்றி எழுதலாம். இளம் விதவையின் மறுமணம் பற்றி எழுதலாம். எதுவானாலும் காயம் இந்த மண்ணில் நிகழ்ந்ததாக இருக்கட்டும்.

சொல்லில் சபை தெரிய வேண்டும்

தமிழ்க் கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே சொற்களால் செபிப்பதில்லை. இது எழுத்தாளருக்குக் கிடைத்த பெரும் செல்வம். வருகிற கதைகளில் தொண்ணூறு விழுக்காடு இதனை வீணாக்குகின்றன. கத்தோலிக்கப் பெண் செபம் என்பாள், லுத்தரன் பையன் ஜெபம் என்பான். அவளுக்குப் பூசை, அவனுக்கு ஆராதனை. அவளுக்குத் திருமுழுக்கு, அவனுக்கு ஞானஸ்நானம். அவள் தவக்காலம் என்று சொல்லும் நாற்பது நாள் அவன் வீட்டில் லெந்து. அவள் ஃபாதர் என்று அழைப்பவரின் இடத்தில் அவனுக்கு ஐயர் இருக்கிறார். அவன் வீட்டில் இருப்பது 1871இல் வந்த, ஹென்றி பவர் என்பவர் தலைமையில் திருத்தப்பட்ட பழைய வேதாகமம். அவள் வீட்டில் இருப்பது 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். சாலமோனின் காதல் பாடல்கள் அவனுக்கு உன்னதப்பாட்டு, அவளுக்கு இனிமைமிகு பாடல்.

இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரத்தில், படுத்திருக்கும் தந்தைக்கு வேதம் வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை. மகன் வாசிக்க மாட்டான். ஒருநாள் அவள் தன் கைப்பேசியில் இருக்கும் திருவிவிலியத்திலிருந்து ஒரு திருப்பாடலை வாசிக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "எங்க வேதத்துல அப்படி இருக்காதும்மா, சங்கீதம்னு இருக்கும்" என்கிறார். அப்போது சுவரோரம் நின்றிருந்த மகன், இருபது ஆண்டுகளாக வாயில் வராத அந்த வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் தன்னை அறியாமல் சொல்லி முடிக்கிறான். அவன் கடவுளை மறந்துவிடவில்லை என்பது அவளுக்கும் அந்தத் தந்தைக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. பிரசங்கம் ஒன்றும் தேவைப்படவில்லை, பாருங்கள்.

சபைகளைக் கலந்து எழுதும்போது கவனம் தேவை. ஜெபமாலை கையில் வைத்திருக்கும் பெண் "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்று பேசினால், உள்ளூர் வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஐயமிருந்தால் கத்தோலிக்கக் கோவிலில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் ஒருவரிடமும், ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமே கடலூர்தான் என்பதால் அங்குள்ள சபையார் ஒருவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

செபக் காட்சி

செபத்தை எழுதுவதில்தான் மிகுதியான கதைகள் தோற்கின்றன. நாயகி கண்ணீர் மல்க இரண்டு பக்கம் செபிக்கிறாள், அடுத்த பத்தியில் கைப்பேசி ஒலிக்கிறது, கேட்டது கிடைத்துவிடுகிறது. வாசகர் தம் சொந்த வாழ்க்கையில் அப்படிக் கிடைக்காததை எண்ணிச் சோர்ந்து போகிறார். அருளைப் பற்றிய நாவல் அவரைத் தனிமைப்படுத்திவிட்டது என்று பொருள்.

செபம் சுருக்கமாக இருக்கட்டும். செபிக்கிறவர் தம்மையே ஏமாற்றிக்கொள்வது அதில் தெரியட்டும். எடுத்துக்காட்டாக: "ஆண்டவரே, நாளைக்கு எனக்கு வேற வார்டு போட்டுடும்" என்று இரவில் வேண்டிக்கொண்டவள், மறுநாள் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் பிரிவின் வாசலில் கழற்றிவிட்டிருக்கும் செருப்புகளுக்கு நடுவே, வார் தைத்த அந்தப் பழுப்புச் செருப்பு கிடக்கிறதா என்று முதலில் பார்க்கிறாள். காதலிக்கிறாள் என்று இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. அவள் கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை, கேட்காததைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வாசகர் அதை அவளுக்கு முன்பே புரிந்துகொள்கிறார்.

கடவுளை வாய்திறந்து பேசவைக்காதீர்கள். கனவிலும் வேண்டாம். இரு சாராரிலும், "இது தேவ சித்தமா?" என்ற கேள்வி திருமணப் பேச்சில் எத்தனை பெண்களை உறங்கவிடாமல் செய்கிறது என்பது நமக்குத் தெரியும். சிலர் புத்தாண்டில் எடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையில் விடை தேடுவார்கள். சிலர் ஒன்பது நாள் செபமான நவநாள் வைப்பார்கள். வில்லியனூர் மாதா கோவில் குளத்தருகே நின்று நேர்ந்துகொள்வார்கள். இவற்றை இகழ்ச்சியில்லாமல், உள்ளபடி எழுதுங்கள். விடை வராமலிருக்கும் காலத்தை நீட்டுங்கள். ராகேலுக்காக யாக்கோபு உழைத்த ஏழு ஆண்டுகள் அவனுக்குச் சில நாள்களாகத் தோன்றின என்று தொடக்கநூல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நாவலாசிரியரின் பணி அந்த ஏழு ஆண்டுகளுக்குள் புகுவது.

தொடாமல் எழுதுதல்

இவ்வகை நாவல்களில் உடல் நெருக்கம் எழுதப்படுவதில்லை என்பதைக் கட்டுப்பாடு என்று நினைத்து வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ இதுதான் இவ்வகையின் பெருஞ்செல்வமாகத் தோன்றுகிறது. தொடுதல் இல்லாதபோது மற்ற எல்லாமே தொடுதலாகிவிடுகின்றன. நம் ஊரில் இதற்கான ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக அமரும் வழக்கம் பல கோவில்களில் இன்னும் உண்டு. நடுவில் இருக்கும் பாதை எவ்வளவு அகலமானது என்பது காதலித்தவர்களுக்குத் தெரியும்.

விளிச்சொற்களைப் பயன்படுத்துங்கள். மருத்துவமனையில் அவன் அவளை "சிஸ்டர்" என்றுதான் அழைக்க முடியும். அவள் அவனை "சார்" என்பாள். சில மாதங்கள் கழித்து, அவன் பேச்சில் "சிஸ்டர்" என்ற சொல் நின்றுபோய், விளி எதுவும் இல்லாத "நீங்க" மட்டும் மிஞ்சுகிறது. அந்த வெற்றிடத்தை அவள் கவனிக்கிறாள். பெயர் சொல்லி அழைப்பதை இருநூறாம் பக்கம் வரை தள்ளிப்போடுங்கள். அப்போது அந்தப் பெயர் ஒரு முத்தத்தைவிடக் கனமாக இருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம் புதுச்சேரி, கடலூர் வழியாகச் செல்வதைப் பார்க்கிறோம். காவி உடுத்தித் தாயோடு நடந்து வரும் அவளுக்கு, மஞ்சக்குப்பத்தில் சாலையோரம் நின்று மோர் கொடுப்பவர்களில் ஒருவனாக அவன் நிற்கலாம். ஒரு குவளை கைமாறுகிறது, அவ்வளவுதான். இதை அழகாக எழுதிவிட முடியும், ஆகவே இதில் அதிகம் தங்க வேண்டாம்.

தங்க வேண்டிய இடம் நவம்பர் 2, கல்லறைத் திருவிழா. அன்று மாலை உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சமும் சாமந்தி வாசனையும் நிறைந்திருக்கும். அவள் தன் தந்தையின் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கிறாள். தந்தைக்கு மருந்து வாங்க வந்த இடத்திலிருந்து அவன் எப்படியோ அங்கே வந்து, வாயிலுக்கு வெளியே நிற்கிறான். அவனுடைய தம்பிக்குக் கல்லறை இல்லை. கல்லறை இல்லாதவனுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற இடம் எது? அவள் அருகில் வந்து ஆறுதல் சொல்லவில்லை. கையில் மீந்திருந்த ஒரு மெழுகுவர்த்தியை அவனிடம் கொடுத்து, நடுவிலிருக்கும் பெரிய சிலுவையைக் காட்டி, "யாருமில்லாதவங்களுக்கு அங்கதான் ஏத்துவோம்" என்கிறாள். அவன் அங்கே போய் நெடுநேரம் நிற்கிறான். அவனுடைய கதையை அவன் அவளிடம் சொல்லும் இடம் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றிய பின் சொல்வது ஒப்புக்கொள்ளுதலாகும். முன்பே சொல்லியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

தடை

நம்பிக்கையில்லாதவரோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்பட வேண்டாம் என்ற பவுலின் அறிவுரை (2 கொரிந்தியர் 6:14) அமெரிக்க நாவல்களில் முக்கியத் தடையாக வருகிறது. சபைக்கே போகாத ஒருவனை விரும்புவது அவளுக்கு மனச்சான்றின் சிக்கல். இதற்கு எளிதான தீர்வாக, அவன் அவளுக்காகக் கோவிலுக்கு வரத் தொடங்குவதாக எழுதிவிடுகிறார்கள். இந்தத் தவறைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பெண்ணை அடைவதற்காகத் திரும்பி வருகிறவனின் மனமாற்றத்தை வாசகர் நம்ப மாட்டார். கடவுள் திருமணத்துக்கான நுழைவுச்சீட்டு ஆகிவிடுகிறார். அவனுடைய திரும்புதல், அவனுக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒரு நேரத்தில் நிகழ வேண்டும். நம் கதையில் அவள் வேறு ஊருக்கு வேலைமாற்றம் வாங்கிக்கொண்டு, இனி அழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன்பின், லெந்து நாள்களின் ஒரு புதன்கிழமை மாலை, பத்துப் பேர் மட்டும் அமர்ந்திருக்கும் ஆராதனையில் அவன் கடைசிப் பெஞ்சில் போய் உட்காருகிறான். இது அவளுக்குத் தெரியவே தெரியாது. பல மாதங்கள் கழித்து வேறொருவர் வாய்வழி தற்செயலாகத் தெரியவரும்.

இன்னொரு தடையை நம்மவர்கள் எழுதாமல் நழுவுகிறார்கள். பெண்ணின் தாய், பையனின் சபையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, "அவங்க எந்தத் தெரு?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியின் பொருள் நம் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது: புதுச்சேரியின் அன்றைய சம்பா கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது, அவர்கள் பாதிரியாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. இப்போது நாம் காணும் பேராலயம் 1791இல் கட்டி முடிக்கப்பட்ட பிந்தைய கட்டடம். இதில் அந்தச் சுவர் இல்லை. ஆனால் சம்பந்தம் பேசும் கூடத்தில் அது எழும்பி நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்பையும் அருளையும் பற்றி நாவல் எழுதிவிட்டு இதைப் பேசாமல் விடுவது சரியென்று எனக்குப் படவில்லை. அதே வேளையில், பங்குச் சாமியார் வந்து தாயிடம் இரண்டு வசனம் சொன்னவுடன் அவள் மனம் மாறுவதாகவும் எழுதாதீர்கள். அவள் கடைசிவரை அரை மனத்தோடே இருக்கட்டும். திருமணத்துக்குப் புடவை எடுக்க வரட்டும், ஆனால் விலை பேசாமல் நிற்கட்டும்.

மன்னிப்பு

நாவலின் உச்சம் இதுதான். எழுதும் வேகம் இங்கே பாதியாகக் குறைய வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மன்னிப்பு என்பது அடிக்கிறவனிடம் திரும்பிப் போவதைக் குறிக்காது. குடித்துவிட்டுக் கை நீட்டும் கணவனையோ காதலனையோ நாயகி செபத்தால் திருத்தி ஏற்றுக்கொள்வதாக வரும் கதைகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஓசியா இறைவாக்கினர் தம்மைவிட்டுப் போன மனைவியை மீண்டும் ஏற்றுக்கொண்டதை இவ்வகை நாவல்கள் விரும்பி எடுத்தாளுகின்றன. அந்தக் கதையில் துன்பத்தைத் தாங்குகிறவர் கடவுளின் இடத்தில் நிற்கிறார்; அடிவாங்கும் பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தி, பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு அது பயன்படக் கூடாது. நம் புத்தகத்தைப் படிக்கப்போகும் பெண்களில் அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறவர்களும் இருப்பார்கள்.

மன்னிப்பை வசனமாக எழுதாதீர்கள். "உன்னை மன்னித்துவிட்டேன் மகனே" என்று எந்தத் தமிழ்த் தந்தையும் சொல்வதில்லை. நம் வீடுகளில் மன்னிப்பு சோற்றுத் தட்டாகவும் கேட்கப்படும் ஒரு கேள்வியாகவும்தான் வரும். டயாலிசிஸின்போது ஊசிகள் குத்தப்பட்ட கையை அசைக்கக் கூடாது. நான்கு மணி நேரமும் அது நீட்டியபடியே கிடக்க வேண்டும். மற்றொரு கை மட்டும் விடுதலையாக இருக்கும். ஒருநாள் மதியம், மகன் சுவரில் சாய்ந்து நின்றபடி கண்ணயர்ந்து விடுகிறான். விழித்தபோது, தந்தை தம் விடுதலையான கையால், கட்டிலோர மேசையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை மெல்ல மெல்ல அவன் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அது மேசை விளிம்புக்கு வந்து நிற்கிறது. "சாப்டியா?" என்கிறார். இருபது ஆண்டுகளில் முதல் முறையாக அவனைப் பார்த்துக் கேட்கப்பட்ட சொல். அவன் "இன்னும் இல்லப்பா" என்கிறான். அவளோ இயந்திரத்தின் திரையைப் பார்ப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொள்கிறாள்.

இந்தக் காட்சியில் கடவுளின் பெயர் வரவில்லை. வரவும் வேண்டாம். இதற்கு முந்தைய இருநூறு பக்கங்களை ஒழுங்காக எழுதியிருந்தால் அவர் அந்த அறையில் இருக்கிறார் என்பதை வாசகர் அறிவார். காதலர் இருவரில் ஒருவர் மற்றவருக்கு மீட்பர் ஆகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்: அவள் அவனை மன்னிக்க வேண்டியவள் இல்லை, அவனுக்காகத் தந்தையிடம் பரிந்து பேசவும் இல்லை. உடன் இருந்தாள். இவ்வகை நாவல்களில் அன்பின் பணி பெரும்பாலும் உடன் இருப்பதுதான். வேற்று நிலத்தில் கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக, கொஞ்சம் கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடச் சொன்ன போவாசின் அன்பும் அத்தகையதே.

நாள்காட்டியும் ஓலையும்

கதையின் நாள்காட்டியை ஒரு தாளில் எழுதி எதிரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் திருமணம் வைத்துவிட்ட கதைகளைப் பார்த்திருக்கிறேன். நம் பங்குகளில் அக்காலத்தில் திருமணம் வைக்கும் வழக்கம் இல்லை. கத்தோலிக்கர் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க மறைமாவட்டத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கான மனு, சந்திப்பு, காத்திருப்பு எல்லாமே கதைக்குப் பயன்படும் காலம். புதுச்சேரியும் கடலூரும் ஒரே உயர்மறைமாவட்டம் என்பதால் உங்கள் பாத்திரங்கள் அதற்காக அதிக தூரம் அலைய வேண்டியதில்லை.

கடைசி அத்தியாயத்துக்குத் திருமணத்தை விட்டுவிட்டு ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் செய்ய ஏற்பாடாகியிருக்கிறது, தடை ஏதேனும் தெரிந்தவர் அறிவிக்க வேண்டும் என்று கோவிலில் வாசிக்கிறார்கள். இப்படியொரு கதைக் கட்டமைப்பை வேறு யாரும் நமக்கு வடிவமைத்துத் தர முடியாது. முதல் ஞாயிறு தன் பெயர் வாசிக்கப்பட்டபோது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அதை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அந்த வாரத்தை நாள் நாளாக எழுதுங்கள்: செவ்வாய்க்கிழமை கைப்பேசி ஒலித்தால் அவள் எடுக்கத் தயங்குவதை, வியாழக்கிழமை தாய் ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்குவதை, சனிக்கிழமை இரவு அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு, மிக நீண்ட காலத்துக்குப்பின், செபிப்பதை. அந்தச் செபத்தின் சொற்களை எழுத வேண்டாம். இரண்டாம் ஞாயிறு அவள் கோவிலுக்குள் போகத் துணிவின்றி, வெளியே செருப்பு விடும் இடத்தில் நிற்கிறாள். ஒலிபெருக்கி கரகரக்கிறது. வரிசையாகக் கிடக்கும் செருப்புகளில், கடலூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தால் மட்டுமே அந்த நேரத்துக்கு அங்கே இருக்கக்கூடிய, வார் தைத்த பழுப்புச் செருப்பும், அதன் பக்கத்தில் ஒரு பெரியவரின் ரப்பர் செருப்பும் கிடக்கின்றன. உள்ளே ஃபாதர் அவள் பெயரை வாசிக்கத் தொடங்குகிறார்.